பெருச்சாளி சொல்ல வந்தது

சித்திரை வெயிலில் பாதி வற்றிப்போன ஏரியின் ஓரத்தில், கூழாங்கற்களுக்கு நடுவே ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டிருந்தது. எது கல், எது முட்டை என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு நிறம். பருந்து தலைக்கு மேலே வட்டமிட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று போய்விடும். எருமைகள் கிட்டே வந்தால் ஆண் குருவி கத்திக்கொண்டு பாய்ந்து அவற்றைத் திசை திருப்பிவிடும்.

ஆனால் உடும்புக்குக் கண் தேவையில்லை. நாக்கை நீட்டியே மோப்பம் பிடித்துவிடும். ஒருநாள் ஆண் குருவி எருமைகளை விரட்டப் போயிருந்தது. முட்டைகளின் சூட்டைத் தணிக்க, பெண் குருவி தன் வயிற்றைத் தண்ணீரில் நனைத்துவரப் போயிருந்தது. அது திரும்பி வந்தபோது கற்கள் மட்டும்தான் இருந்தன. பக்கத்து மண்ணில் உடும்பு வாலை இழுத்துச் சென்ற தடம்.

அன்று முழுவதும் பெண் குருவி வெறும் கற்களின் மேல் உட்கார்ந்திருந்தது.

"மறுபடியும் முட்டையிடலாம், வருத்தப்படாதே" என்றது ஆண் குருவி. அதன் குரலும் கம்மித்தான் இருந்தது.

"உங்களுக்கு என்ன தெரியும்? வயிற்றில் சுமந்தவள் நான்" என்றது பெண் குருவி.

ஆண் குருவி அதன் பிறகு தன் வருத்தத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

செய்தி கேட்டு ஆமை வந்தது. ஆறுதல் சொன்னது. பிறகு, "எருமை மிதித்து என் ஓட்டில் விரிசல் விழுந்துவிட்டது அக்கா. தண்ணீரில் இறங்கினால் எரிகிறது" என்றது.

"விரிசல் ஆறிவிடும். என் முட்டைகள் திரும்பி வருமா?" என்றது ஆள்காட்டி.

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

பிறகு நாரை வந்தது. ஏரியில் மீன் குறைந்துவிட்டது, கூட்டில் குஞ்சுகள் பசியில் கத்துகின்றன என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னது.

"கத்துவதற்காவது உனக்குக் குஞ்சுகள் இருக்கின்றன" என்றது ஆள்காட்டி.

நாரை பறந்து போய்விட்டது.

உண்மையைச் சொன்னால், இப்படிப் பதில் சொல்லும்போதெல்லாம் ஆள்காட்டிக்கு மனம் கொஞ்சம் லேசானது. இந்த ஏரியில் யாருடைய துயரமும் தன் துயரத்துக்கு ஈடாகாது என்று நினைப்பதில் ஒருவிதப் பெருமை இருந்தது. அது பெருமை என்று ஆள்காட்டிக்குத் தெரியவில்லை. துக்கம் என்றே நினைத்துக்கொண்டிருந்தது.

சில நாள் கழித்துப் பெருச்சாளி வந்தது. உடம்பெல்லாம் சேறு. ஒரு காது கிழிந்திருந்தது.

"அக்கா, என் வளை போய்விட்டது. கரையில் தாழம்புதருக்கு அடியில் இருந்ததே, அதுதான். இரை தேடிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால்..."

"வளையா?"

"ஆமாம் அக்கா. அதற்குள்ளே..."

"இதோ பார். உனக்கு நகம் இருக்கிறது. கரை முழுக்க மண் இருக்கிறது. வேறு வளை தோண்டிக்கொள். நான் எதைத் தோண்டி என் முட்டைகளை எடுப்பேன்?"

பெருச்சாளி வாயைத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. "சரி அக்கா, வருகிறேன்" என்று சொல்லிவிட்டு எதிர்க்கரைப் பக்கமாக நடந்தது. வளைக்குள் புகுந்தது யார், உள்ளே என்ன இருந்தது என்று ஆள்காட்டி கேட்கவில்லை.

அதற்குப் பிறகு யாரும் ஆள்காட்டியிடம் எதுவும் சொல்ல வரவில்லை.

வைகாசியில் அது மறுபடியும் முட்டையிட்டது. இந்த முறை இடத்தை நன்றாக யோசித்துத் தேர்ந்தெடுத்தது. பெருச்சாளி கிளம்பிவிட்டதால் தாழம்புதர்ப் பக்கம் நடமாட்டமே இருக்காது என்று கணக்குப் போட்டு, புதருக்கு அருகிலேயே நான்கு முட்டைகளை இட்டது. ஒன்று எழுந்தால் மற்றொன்று உட்கார்ந்து, குருவிகள் மாறி மாறி அடைகாத்தன. ஒரு காலையில் முட்டைகளுக்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலி கேட்டது. ஒரு முட்டையில் கீறலும் விழுந்தது.

பெருச்சாளியின் பழைய வளையில், புதரின் மறுபக்க வாயில் வழியாகவே போய்வந்துகொண்டிருந்த உடும்பு, அந்தச் சத்தம் கேட்டுத்தான் இந்தப் பக்கம் தலையை நீட்டியது.

ஆண் குருவி இறக்கை ஒடிந்ததுபோலத் தரையில் புரண்டு பாசாங்கு செய்தது. உடும்பு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெண் குருவி அதன் கண்ணுக்கு நேராகப் பாய்ந்து பாய்ந்து அடித்தது. உடும்பு கண்ணை மூடிக்கொண்டு ஒரு முட்டையை விழுங்கியது. இன்னொன்றையும் விழுங்கியது.

அப்போது நாரை பறந்து வந்து இறங்கியது. நீண்ட அலகால் உடும்பின் முதுகில் ஓங்கிக் குத்தியது. மறுபடியும் குத்தியது. உடும்பு சீறிக்கொண்டே வளைக்குள் பின்வாங்கியது.

வெயில் ஏறுவதற்குள் மிஞ்சிய இரண்டு முட்டைகளும் பொரிந்துவிட்டன. குஞ்சுகளின் ஈரம் உலரும் வரை நாரை வளையின் வாயிலிலேயே நின்றது.

"உடும்பு எப்போது இங்கே குடிவந்தது?" என்று கேட்டது ஆள்காட்டி.

"பெருச்சாளியைத் துரத்திய அன்றே வந்துவிட்டது. இதைச் சொல்லத்தானே அவள் உன்னிடம் வந்தாள்?"

ஆள்காட்டி எதிர்க்கரையைப் பார்த்தது. குருவிகள் இரண்டும் குஞ்சுகளை நடத்திக்கொண்டு, ஏரியைச் சுற்றி எதிர்க்கரைக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே ஒரு பட்ட மரத்தின் வேரடியில் பெருச்சாளி இருந்தது.

"அன்றைக்கு நீ சொல்ல வந்ததைச் சொல்" என்றது ஆள்காட்டி.

"இப்போது எதற்கு அக்கா அதெல்லாம்?"

"அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை."

பெருச்சாளி கொஞ்ச நேரம் மண்ணைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. பிறகு சொன்னது. வளைக்குள் அதன் குட்டிகள் இருந்தன. கண் திறக்காத குட்டிகள். அது திரும்பி வந்தபோது உடும்பின் வால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. வாலைக் கடித்து இழுத்துப் பார்த்தது. உடும்பு திரும்பிப் பாய்ந்ததில்தான் காது கிழிந்தது.

'நான் ஆறு முட்டைகளை இழந்தேன்' என்று ஆள்காட்டியின் தொண்டை வரை வந்துவிட்டது. பெருச்சாளிக்கு எத்தனை குட்டிகள் என்று மனம் கணக்குப் பார்க்கவும் தொடங்கியது. ஆள்காட்டி அதை அப்படியே விழுங்கிக்கொண்டது.

"குட்டிகள் எப்படி இருந்தன?" என்று மட்டும் கேட்டது.

இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பெருச்சாளி ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியது. எது முண்டியடித்துப் பால் குடிக்கும், எது தூக்கத்தில் காலை உதறும் என்றெல்லாம் சொன்னது. ஆள்காட்டி தன் குஞ்சுகளை இறக்கைக்கு அடியில் சேர்த்துக்கொண்டு கேட்டது.

தன் துயரத்தை அடுத்தவர் துயரத்தோடு எடைபோட்டுக்கொண்டே இருப்பவர், அந்த அடுத்தவரிடமிருந்து வரும் எச்சரிக்கையையும் இழப்பார், துணையையும் இழப்பார்.