நந்தவனத்தின் பின்கதவு

மடத்தில் வந்து சேர்ந்தபோதே அறவாழிக்குத் தலை நரைத்திருந்தது. சுற்றுலாத் துறையில் திட்ட அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்தின் தலைவி உமையாள் அம்மை அவரைவிட வயதில் மிகவும் இளையவர். அதனால் தன் சீடரான அவரை ‘ஐயா’ என்றே கூப்பிடுவார்.

மடத்துக்கு ஊர் நடுவில் ஒரு நந்தவனம் இருந்தது. யார் வேண்டுமானாலும் போகலாம், கட்டணம் கிடையாது. ஆனாலும் ஆள் வரவில்லை. ஈ காக்கை எட்டிப் பார்க்காத இடத்துக்கு எதற்கு இவ்வளவு தண்ணீர் என்று அறங்காவலர்கள் முணுமுணுத்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் கூட்டம் சேராவிட்டால் மரங்களை வெட்டிவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டுவது என்று பேச்சு.

அம்மை பொறுப்பை அறவாழியிடம் கொடுத்தார். அவரும் ராப்பகலாக உட்கார்ந்து ஒரு திட்டம் தீட்டினார். பாட்டுக்கு ஆடும் நீரூற்று, ஆர்க்கிட் பூக்களுக்கு ஒரு கண்ணாடி அறை, நின்று படம் எடுத்துக்கொள்ள வளைவுகள், வெளியூர்ப் பயணிகளுக்குத் தனிப் பேருந்து.

அம்மை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“இப்போது தோட்டத்தில் யார் இருக்கிறார்கள்?”

“யாரும் இல்லை அம்மா.”

“ஒருவர்கூடவா?”

“புன்னை மரத்தடியில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான்.”

அம்மை எழுந்து ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு அவர் கையில் கொடுத்தார்.

“அவருக்குத் தாகமாக இருக்கும். கொடுத்துவிட்டு வாருங்கள்.”

அறவாழிக்கு உள்ளூர எரிச்சல். திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே! இருந்தாலும் போனார்.

அந்த அம்மாள் பெயர் குருவம்மாள். அண்ணாந்து தண்ணீரைக் குடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்கள் சிவந்திருந்தன.

“தோட்டம் பார்க்க வந்தீங்களாம்மா?”

“இல்ல சார். எங்க வீட்டுக்காரரு இந்தத் தோட்டத்துக்குப் பின்னால இருக்குற பெரியாஸ்பத்திரியில கெடக்காரு. வார்டுல அழுதா அவரு பயந்துருவாரு. அதான் இங்க வந்து அழுதுட்டுப் போறேன்.”

அறவாழி அவரைத் தேற்ற நினைத்து வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

“இந்த இடத்துல பெரிய நீரூற்று வரப்போகுது. பாட்டு, விளக்கு எல்லாம் இருக்கும்.”

“நல்லாத்தான் இருக்கும்” என்றார் குருவம்மாள். கொஞ்சம் பொறுத்து, “அப்ப நான் எங்க போயி அழுவேன்?” என்று கேட்டார்.

குருவம்மாள் செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பின்பக்கமாகக் கை காட்டினார்.

“ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புல இந்தத் தோட்டத்துக்கு ஒரு கதவு இருக்குல்ல சார்? பூட்டியே கெடக்கு. தெருவச் சுத்தி வர்றதுக்குள்ள டாக்டரு கூப்பிட்டுருவாரோன்னு ஈரக்கொலை பதறுது. என்னயப்போல அங்கன வெயில்ல நெறய சனம் நிக்கிது.”

அறவாழி மடத்துக்குத் திரும்பினார். நடந்ததைச் சொன்னார்.

“அந்தக் கதவைத் திறந்தால் கூட்டம் வரும் அம்மா. ஆனால் நாம் நினைத்த கூட்டம் இல்லை.”

“நாம் என்றால் யார்?” என்றார் அம்மை.

அம்மை ஆணியில் தொங்கிய பின்கதவுச் சாவியை எடுத்து அறவாழியின் முன்னால் வைத்தார்.

கதவு திறந்தது. முதலில் தயங்கித் தயங்கி வந்தார்கள். பிறகு சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார்கள், பாயோடு வந்தார்கள். செம்பருத்தி வேலியில் ஈரத் துணிகள் காய்ந்தன. புல் மிதிபட்டுப் பழுத்தது. குருவம்மாளை மட்டும் கொஞ்ச நாளில் காணவில்லை. அவர் கணவர் பிழைத்தாரா என்று ஆஸ்பத்திரியில் போய்க் கேட்க அறவாழிக்குத் தைரியம் வரவில்லை.

ஒருநாள் அறங்காவலர்களின் தலைவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். காயும் சேலைகளைப் பார்த்தார், வாயைப் பிளந்து தூங்கும் மனிதர்களைப் பார்த்தார். முகம் கடுகடுத்தது.

“யாரய்யா இவங்கல்லாம்?” என்று சத்தம் போட்டார்.

அறவாழி முன்னால் வந்து நின்றார்.

“நம்ம தோட்டத்துக்கு வந்தவங்க.”

மரத்தடியில் மடியில் குழந்தையோடு இருந்த ஒரு பெண் தலைவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஐயா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. பிள்ளைக்கு இப்பத்தான் காய்ச்சல் விட்டுத் தூங்குது.”

தலைவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அதன்பின் வாசல்வரைக்கும் செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து போனார். மண்டபப் பேச்சை அந்த வருஷம் யாரும் எடுக்கவில்லை.

அறவாழி அம்மையிடம் வந்து உட்கார்ந்தார்.

“தோட்டம் தப்பித்தது அம்மா.”

“நல்லது.”

“ஆனால் எனக்கு ஒரு குறை.”

“சொல்லுங்கள் ஐயா.”

“இத்தனை பேர் வருகிறார்கள். உண்கிறார்கள், தூங்குகிறார்கள், அழுகிறார்கள். ஒருவர்கூடத் தோட்டத்தைப் பார்க்கவில்லையே!”

அம்மை கேட்டார்:

“வெயிலில் வந்து நிழலில் உட்கார்ந்தவர் யாராவது நிழலைப் பார்ப்பதை நீங்கள் கண்டதுண்டா ஐயா?”