ஆச்சிக்கு எந்த அறை?

தூத்துக்குடியில் ஒரு பயண அலுவலகத்தில் பிரிசில்லா புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். உப்பள முதலாளி ஆவுடையப்பன் மனைவியோடு வந்து அவள் முன்னால் உட்கார்ந்தார்.

"உல்லாசக் கப்பல்ல இருக்கிறதிலேயே நல்ல பால்கனி அறையா எனக்குப் பாத்துக் குடு. ஏறினப்புறம் வேற அறை இதைவிட நல்லாருக்கேன்னு தோணுச்சோ, உன் வேலை போயிரும்."

"ஆச்சிக்கு, அண்ணாச்சி?"

"அவளுக்கு எதுக்குக் கடல்? ஜன்னல் இல்லாத உள்ளறை போதும். நான் தனியா நிம்மதியா இருக்கணும்."

ஆச்சி தலையைக் குனிந்துகொண்டு வளையலைத் திருகினார். பிரிசில்லா அதைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா அண்ணாச்சி? பால்கனியில நிக்கீங்க. கண்ணு முன்னால டால்ஃபின் கூட்டம் துள்ளுது. உடனே என்ன செய்வீங்க?"

"'ஏ வடிவு, இங்க ஓடியா'ன்னு..." சொல்லிக்கொண்டே அண்ணாச்சி மனைவி பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா? ஆச்சி இருக்கிற அறைதான் நல்ல அறைன்னு அப்பவே தோணிரும். என் வேலையும் போயிரும்."

அண்ணாச்சி தன் நாற்காலியை மனைவி பக்கம் நகர்த்திப் போட்டார். பிறகு, "ரெண்டு பேருக்கும் ஒரே அறையாப் போடும்மா" என்றார், மெதுவாக.

மேசையில் இருந்த கப்பல் அறைகளின் படத்தை ஆச்சி தன் பக்கம் இழுத்தார். "எங்க, காட்டு தாயி, அந்த ஒரே அறையை நானே பாத்து எடுக்கேன்."