ராஜாவின் மீசையை நேர்ந்துகொண்ட கதை

முன்னொரு காலத்தில், கடல் உப்பாகவும் அரசர்கள் காரமாகவும் இருந்த நாளில், சங்குமேடு என்கிற நாட்டை உக்கிரசேனன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் நினைத்ததை நினைத்த நாழிகையில் முடித்தாக வேண்டும். முடியாது என்று சொன்னவன் முகத்தில் விழிக்க மாட்டான்.

அவன் தங்கை எதிரே இருந்த தீவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் பிள்ளைக்குப் பெயர் சூட்டு விழா. காற்று இரண்டு நாளாக ஒரு மாதிரி இருந்ததால், மந்திரி கூத்தபிரான் சற்றுப் பொறுத்துப் போகலாம் என்றார். சபையில் அம்பலவாணர் என்று ஒரு பிரதானி உண்டு. மந்திரி கிழக்கே என்றால் அவர் மேற்கே என்பார். ராஜாவின் மீசையைத் தினமும் புகழ்வதைத் தவிர வேறு வேலை அவர் பார்த்ததாக யாருக்கும் நினைவில்லை. "மகாராஜாவைக் கண்டால் கடலே கைகட்டி நிற்கும். மந்திரியாருக்குத்தான் வயிறு கலங்குகிறது" என்றார் அவர்.

ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மந்திரியும் பிரதானியும் கூடவே வர வேண்டும், படகில் 'பயம்' என்றோ 'திரும்பு' என்றோ வாயைத் திறப்பவன் தலை போகும் என்று ஆணையிட்டான். பாவம் கூத்தபிரான். சொன்னால் கத்தி, சொல்லாவிட்டால் கடல்.

படகோட்டி சேந்தனுக்கு அந்த ஆணையால் ஒரு கஷ்டமும் இல்லை. அந்தத் துறைக்காரர்கள் கடலில் இருக்கும்போது 'அலை பெரிது' என்று சொல்லவே மாட்டார்கள். சொன்னால் அதற்கு இன்னும் கொழுப்பு ஏறிவிடுமாம். அலையை அவர்கள் அளப்பது நேர்த்திக்கடனை வைத்து. கரை கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் படகு ஒரு ஆட்டம் ஆடியதும், சேந்தன் துடுப்பை விடாமலே, கரையிலிருக்கும் கோயில் அம்மனைக் கூப்பிட்டு, "கரைகாத்தா அம்மா, உனக்கு ஒரு தேங்காய்" என்றான். அது தேங்காய் அலை.

ராஜாவுக்கு வேடிக்கையாக இருந்தது. இதற்கு மேலும் உண்டா என்று கேட்டான். சேவல் அலை உண்டு, கிடா அலை உண்டு என்றான் சேந்தன். யார் கொடுப்பது என்றதற்கு, "படகுல யாரு நேர்ந்தாலும் படகுக்குப் பெரியவங்க கொடுக்கணுங்க. அம்மன் வீடு வீடா வந்து வசூல் பண்ணுமா?" என்றான். இன்றைக்குப் பெரியவன் நான்தானே என்று ராஜா வாய்விட்டுச் சிரித்தான்.

சேவல் வந்தபோது ராஜா பாதி சிரித்தான். கிடா வந்தபோது பாய்மரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். இரண்டாவது கிடாவைச் சேந்தன் துடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டே நேர்ந்தான். முன்னால், பாறைத்திட்டு இருக்கும் பக்கம், கடல் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. 'திரும்பு' என்று சொல்லாமல் படகைத் திருப்புவது எப்படி என்று கூத்தபிரான் யோசித்தார். வீட்டில் மனைவி வாசல் பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு வேறு வந்து தொலைத்தது. அந்தத் திட்டை நெருங்கினால் படகில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்தது.

அப்போது ஒரு அலை படகைத் தூக்கி அறைந்தது. அம்பலவாணர் குப்புற விழுந்தார். கும்பிட்ட கையோடு, "தாயே, என்னைக் கரை சேர்த்துவிடு. மகாராஜாவின் மீசையை உன் காலடியில் வைக்கிறேன்" என்று கதறினார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான்.

ராஜா திகைத்துப்போய் மீசையைத் தொட்டுப் பார்த்தான். மந்திரிக்கு அந்தக் கணத்தில்தான் மூச்சு வந்தது.

"அரசே, படகில் நேர்ந்தது நேர்ந்ததுதான். தீவில் இறங்கியதும் மழிக்க வேண்டும். தங்கையார் வீட்டுக்கு மீசையில்லாமல்தான் போகவேண்டியிருக்கும்" என்றார்.

"வேறு வழி?"

"புறப்பட்ட கரையிலேயே படகு போய் நின்றால் பயணமே நடக்கவில்லை என்று அர்த்தம். நடக்காத பயணத்துக்கு நேர்த்திக்கடன் ஏது? நான் எதுவும் சொல்லவில்லை, வழக்கத்தைத்தான் சொன்னேன்."

ராஜா திட்டைப் பார்த்தான். மீசையைத் தடவினான். "சேந்தா, படகைத் திருப்பு" என்றான்.

திருப்புகிற நேரத்தில் படகு பக்கவாட்டில் சாய்ந்து தண்ணீரை அள்ளியது. ஆளுக்கு ஆள் இறைத்தார்கள். ராஜாவும் கிரீடத்தைக் கழற்றி அதனாலேயே இறைத்தான். ஒருவழியாகப் படகு புறப்பட்ட கரையிலேயே வந்து தட்டியது.

மணலில் நின்று திரும்பிப் பார்த்தால், திட்டின் மேல் அலை பனை உயரத்துக்கு எழுந்து விழுந்துகொண்டிருந்தது. ராஜா மணலில் உட்கார்ந்து கிரீடத்தில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொட்டினான். கொஞ்சம் தேறியதும், அந்த வழக்கம் உண்மைதானா என்று சேந்தனைக் கேட்டான். அவன் தலையைச் சொறிந்தான். "அப்படி ஒண்ணும் கிடையாதுங்க. எந்தக் கரையா இருந்தாலும் கரை கரைதான்."

அம்பலவாணர் துள்ளி எழுந்தார். மந்திரி அரசரிடமே பொய் சொல்லிவிட்டார், தலையை வாங்க வேண்டும் என்றார்.

கூத்தபிரான் குனிந்து நின்றார். "வாங்கிக்கொள்ளுங்கள், அரசே. அங்கே போயிருந்தால் என் தலையும் இருந்திருக்காது, வாங்கச் சொல்ல ஆளும் இருந்திருக்காது."

ராஜா அவரைக் கட்டிக்கொண்டான். அந்த ஆணையை அங்கேயே ரத்து செய்தான். இனிக் கடலில் மந்திரி சொல்வதே சட்டம் என்றான். பிறகு நேர்ந்தபடி தேங்காய், சேவல், கிடாக்களோடு நாவிதனையும் கோயிலுக்கு வரவழைத்து, முனகாமல் உட்கார்ந்து மீசையை மழித்துக் கொடுத்தான். மீசையில்லாமலும் மகாராஜாவின் முகம் முழுநிலவுதான் என்று ஆரம்பித்தார் அம்பலவாணர்.

"பிரதானியாரே, இன்னும் ஒரு கடன் பாக்கி இருக்கிறது" என்றான் ராஜா. "இரண்டாவது கிடா அலையில் எனக்கு உயிரே போய்விட்டது. வெளியே சொல்ல வெட்கம். மனசுக்குள் நானும் ஒன்று நேர்ந்துகொண்டேன்."

"எதை, அரசே?"

"உம்மைத்தான். ஆயுசுக்கும் இந்தக் கோயில் வாசலைப் பெருக்குவதற்கு."

பூசாரி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.