ருசி பார்க்காத கை

பெருமாள் கோயில் திருமடைப்பள்ளியில் தளிகை சமைக்கும்போது ஆராவமுதன் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்வார். படைத்ததைப் பெருமாள் அமுது செய்வதற்கு முன்னால் உப்பைக்கூட நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது, வாசனை பிடிக்கவும் கூடாது. அந்த அடுப்படியிலேயே தலை நரைத்தவர் அவர். ருசி பார்க்காமல் அவர் கிளறுகிற புளியோதரைக்காகவே சேவிக்க வருகிறவர்கள் உண்டு. பெருமாள் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அப்படிப்பட்டவருக்குக் காலம் போன காலத்தில் ஒரு குரு வாய்த்தார். பெயர் ரெஜினா. தெற்கு வீதி நூலகத்தின் நூலகர், அவருடைய மகள் வயசு. சனிக்கிழமை மதியம் புத்தக அலமாரிகளை ஓரங்கட்டிவிட்டு, ஊர்ப் பெரியவர்களுக்குச் செல்போனும் கம்ப்யூட்டரும் சொல்லிக்கொடுப்பார்.

ஆராவமுதன் முதல் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டார். படம் அனுப்பக் கற்றார். முகம் பார்த்துப் பேசக் கற்றார். வந்த செய்தியை ஒரே தட்டில் நாலு பேருக்குத் தள்ளிவிடக் கற்றார். இந்தக் கடைசி வித்தை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. சந்நிதி வாசலில் பிரசாதம் கொடுக்கிற மாதிரியே இருந்ததாம். வந்த செய்தி மெய்யா பொய்யா என்று பார்ப்பதற்கும் ரெஜினா ஒரு வகுப்பு வைத்தார். அன்றைக்குக் கோயிலில் கருட சேவை உற்சவம். சீடர் வரவில்லை.

ஒரு நாள் காலை, நூலகம் திறந்த கையோடு ஆராவமுதன் வந்து நின்றார். ஒரு கையில் தூக்கு, இன்னொரு கையில் செல்போன்.

"என்ன சாமி, இன்னிக்கு வகுப்பு இல்லையே?"

"தெரியும் டீச்சர். கோயில் புளியோதரை கொண்டுவந்திருக்கேன். எங்க அக்கா பொழைச்சுட்டா."

அக்கா அலமேலு பக்கத்து ஊரில் தனியாக இருப்பவள். அவளை விட்டால் அவருக்கு உடன்பிறப்பு என்று யாருமில்லை. போன வாரம் முகம் பார்த்துப் பேசியபோது அவளுக்கு நாக்குக் குழறியிருக்கிறது, கண் சொருகியிருக்கிறது. இவர் உடனே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

"முகம் பார்த்துப் பேசுங்கோன்னு சொல்லிக்குடுத்தேளே, அதனாலதான் தெரிஞ்சுது. வெறுமனே பேசியிருந்தா தூக்கக் கலக்கம்னு விட்டிருப்பேன். நீங்க மகராஜியா இருக்கணும்."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. பிறகு செல்போனை மேஜைமேல் வைத்தார்.

"இதை நூலகத்துக்கே வெச்சுக்கோங்கோ. எனக்கு வேண்டாம்."

"அக்காவைக் காப்பாத்தின போனாச்சே சாமி?"

"கொல்லப் பார்த்ததும் இதுதான்" என்றார் ஆராவமுதன். "சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டு, ஏதோ இலைக் கஷாயம் குடிச்சாப் போதும்னு ஒரு செய்தி வந்தது. நான்தான் அவளுக்கு அனுப்பிச்சேன். தம்பி அனுப்பினா தப்பா இருக்குமான்னு மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டா."

ரெஜினா உள்ளே போய்க் கை கழுவிவிட்டு வந்தார்.

"நான் அதுல ஒரு எழுத்தைக்கூட மாத்தலை டீச்சர். வந்ததை வந்தபடியே கொண்டுபோய்ச் சேர்த்தேன். பிரசாதம்னா எங்க வழக்கமே அதுதானே? நான் எங்கே தப்புப் பண்ணினேன்?"

ரெஜினா தூக்கைத் திறந்து, ஒரு கவளம் புளியோதரையைக் கையில் எடுத்தார். வாயில் போடவில்லை.

"இதை ருசி பார்த்தீங்களா?"

"சிவ சிவா! மடைப்பள்ளியில அந்தப் பேச்சே கூடாது." பதற்றத்தில் வைஷ்ணவர் வாயிலிருந்து யார் பெயர் வந்தது என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

"அப்ப இது நல்லாருக்கும்னு எப்படித் தெரியும்? நான் எதை நம்பிச் சாப்பிடறது?"

ஆராவமுதனுக்குச் சுருக்கென்றது. அவர் கைப்பக்குவத்தை இதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை.

"தாராளமாச் சாப்பிடலாம். அரிசியில கல் பொறுக்கினது நான். புளி யார் தோப்புலேர்ந்து வந்தது, போன வருஷத்துப் புளியா, இந்த வருஷத்துப் புளியான்னு கேட்டு, விரலால உருட்டிப் பார்த்துட்டுத்தான் கரைப்பேன். எண்ணெய் எந்தச் செக்குல எப்போ ஆட்டினதுன்னு தெரியாம வாணலியில விட மாட்டேன். புதுசா ஒருத்தர் மூட்டை கொண்டுவந்து இறக்கினா, நீ யாரப்பான்னு கேட்காம உள்ளே விட்டதில்லை."

"ஏன் அத்தனை கேள்வி?"

"ருசி பார்க்கிறவன் பாதியில திருத்திக்கலாம் டீச்சர். நான் ருசி பார்க்கக் கூடாதே. முன்னாடியே கேட்டுண்டாத்தான் உண்டு."

சொல்லி முடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். பார்வை மேஜைமேல் இருந்த செல்போனுக்குப் போயிற்று.

ரெஜினா கவளத்தை வாயில் போட்டு மென்று விழுங்கினார். "அமிர்தமா இருக்கு" என்றார்.

ஆராவமுதன் தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அந்தச் செய்தியை யார் எழுதினான்னு நான் கேட்கலை. எப்போ எழுதினதுன்னும் கேட்கலை. எனக்கு அனுப்பினவன்கிட்டக்கூட ஒரு வார்த்தை கேட்கலை. சரியான நேரத்துல கண்ணைத் திறந்தேள் டீச்சர். இந்த நன்றியை நான் மறக்க மாட்டேன். ஆனா இந்தப் போன் மட்டும் வேண்டாம். இதைத் தொடவே பயமா இருக்கு."

"வேற யாருக்கெல்லாம் அனுப்பினீங்க சாமி?"

"எதை?"

"கஷாயச் செய்தியை."

அவர் நிமிர்ந்தார்.

"எங்க கோயில் கைங்கரியக் குழுவுக்கு. எல்லாரும் வயசானவா. அதுல பாதிப் பேருக்குச் சர்க்கரை."

"பிரசாதம் குடுத்தனுப்பிட்டீங்க. அதுக்கப்புறம்தான் அதுல விழக்கூடாதது எதுவோ விழுந்துடுச்சுன்னு தெரியுது. என்ன செய்வீங்க?"

"என்ன கேள்வி இது? சாப்பிடாதீங்கோன்னு கத்திண்டே பின்னாடி ஓடுவேன். என் தப்புதான்னு ஒவ்வொருத்தர் வாசல்லயும் நின்னு சொல்லுவேன்."

ரெஜினா மேஜைமேல் இருந்த செல்போனை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இதை என்கிட்டக் குடுத்துட்டா, அத்தனை பேர் பின்னாடியும் எப்படி ஓடுவீங்க?"

ஆயுசு முழுக்கக் கொடுத்தே பழகிய ஆராவமுதன், இடக்கையின் மேல் வலக்கையைக் குவித்து அதை வாங்கிக்கொண்டார்.