எலும்பு வரைக்கும்

அநியாயம் நடந்தது பேராசிரியர் ஹெப்சிபாவுக்கு.

மூட்டின் குருத்தெலும்பு தேயத் தொடங்குவதற்கு வெகு முன்பே அதற்குள் இருக்கும் கொலாஜன் நார்கள் தளர்ந்துவிடுகின்றன என்று கண்டுபிடித்தவர் அவர். அதற்கான விருதை வாங்கியவர் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர். அந்த மனிதர் ஒரு மூட்டைக்கூடக் கையால் தொட்டதில்லை. கறி வாடை அவருக்கு ஆகாதாம்.

விருது விழாவில் ஹெப்சிபா எழுந்து நின்று கைதட்டினார்.

அதைத்தான் அவரிடம் ஆய்வு செய்யும் இசக்கியம்மாளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை ஆய்வகத்துக்குள் நுழைந்தவள் தோள்பையைக்கூடக் கழற்றவில்லை.

"ஏன் மேடம் கைதட்டுனீங்க?"

"எல்லாரும் தட்டுனாங்க."

"எல்லாரோட உழைப்பையுமா அவரு தூக்கிட்டுப் போனாரு?"

கறிக்கடையிலிருந்து வந்த ஆட்டு முழங்கால்கள் தட்டில் காத்திருந்தன. அந்த ஆய்வகத்தில் எந்தச் சண்டையும் வேலைக்கு நடுவில்தான் நடக்கும். ஹெப்சிபா ஒரு முழங்காலை எடுத்து அவள் முன் வைத்தார்.

"திற."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"முதல்ல திற, இசக்கி."

கையுறையை மாட்டிக்கொண்டு வெட்டினாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஆழமாகவே வெட்டினாள். மூட்டு விரிந்தது. உள்ளே குருத்தெலும்பு வெள்ளையாக, ஈரமாகப் பளபளத்தது.

"அதுல ரத்தம் ஓடுதா?"

"இல்ல."

"நரம்பு?"

"கிடையாது. முதல் வருஷப் பாடம் மேடம் இது. எனக்குப் பரீட்சையா வைக்கிறீங்க?"

"உடம்போட மொத்த பாரத்தையும் அதுதான் தாங்குது. அதுக்கு யாரும் நன்றி சொன்னதில்ல. அதுவும் கேட்டதில்ல. நானும் அப்படியே இருந்துட்டேன்."

"ரொம்ப அழகா இருக்கு. சட்டம் போட்டு இயக்குநர் அறையிலயே மாட்டிடலாம்."

ஹெப்சிபா சிரித்துவிட்டார். இசக்கி சிரிக்கவில்லை.

"ஆனா பாடத்தைப் பாதியில நிறுத்திட்டீங்க மேடம். நரம்பு இல்ல, அதனால தேயும்போது சத்தம் போடாது. சரி. மொத்தமா தேஞ்ச பிறகு படியேற முடியாம ஒரு அம்மா அழுவுறாங்களே, அவங்களுக்கு எங்க வலிக்குது?"

ஹெப்சிபா அடுத்த முழங்காலை எடுக்கத் தட்டுப் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? எங்க வலிக்குது?"

"அடியில இருக்கிற எலும்புல."

"உங்களுக்கு அடியில யாரு இருக்கா?"

ஹெப்சிபாவின் சிரிப்பு நின்றது. அவர் பிளந்து கிடந்த மூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு இயக்குநர் நின்றார். இன்னொரு கையில் இசக்கி எழுதிய ஆய்வுக் கட்டுரை. தளர்ந்த அந்த நார்களின் துணுக்குகளை மூட்டு நீரிலேயே கண்டுபிடித்துவிடலாம், வலி தொடங்கும் முன்பே நோயைச் சொல்லிவிடலாம் என்று நிரூபித்திருந்தாள்.

"பிரமாதம்மா! ஒரே ஒரு சின்ன மாற்றம். முதல் பேரு என்னோடது இருக்கட்டும். அப்பதான் பெரிய பத்திரிகையில எடுப்பாங்க. உன் பேரு நடுவுல எங்கயாவது வரும், கவலைப்படாத."

இசக்கி வாயைத் திறந்தாள். ஹெப்சிபா கையை உயர்த்தித் தடுத்தார்.

இப்போதுமா, என்று இசக்கி அவரை முறைத்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள மாத்தி அனுப்பிடுங்க ஹெப்சிபா."

"முடியாது சார்."

வேறு யாரோ பேசியதுபோல இயக்குநர் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன சொன்னீங்க?"

"முதல் பேரு இசக்கியம்மாளோடது. உங்க பேரு அதுல எங்கயும் வராது. நேத்து நீங்க வாங்குனது யாரோட வேலைன்னு விருதுக் குழுவுக்கு இன்னைக்கே எழுதுறேன்."

கைக்குட்டை மூக்கிலிருந்து இறங்கியது.

"இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னதில்ல நீங்க. நேத்துகூட எழுந்து நின்னு கைதட்டுனீங்க. இன்னைக்குத் திடீர்னு என்ன வந்துச்சு?"

ஹெப்சிபா கத்தியை எடுத்தார். வெள்ளைக் குருத்தெலும்பில் அதன் நுனியை ஊன்றி அழுத்தினார். சத்தமே இல்லாமல் இறங்கிய கத்தி ஓரிடத்தில் 'டக்' என்று நின்றது.

"எலும்பு வரைக்கும் வந்துட்டீங்க சார்."