கன்றுக்கு விட்ட காம்பு

மில் சூப்பர்வைசர் வேலையை உதறிவிட்டு மடத்தில் வந்து சேர்ந்தவன் பொன்னுரங்கம். நாற்பத்தைந்து வயசு. விவாகரத்தானவன். ஒரே மகள் தாரணி தாயோடு இருந்தாள். அவள் வளர்ப்புக்கு மாதாமாதம் இவ்வளவு கொடு என்று கோர்ட் உத்தரவு. கொடுத்துக்கொண்டிருந்தான். இப்போது கை வறண்டுவிட்டது.

வக்கீல் வழி சொன்னார். நிலைமை மாறினால் தொகையைக் குறைக்க மனுப் போடலாமாம். ‘மடத்தில் இருக்கிறார், வருமானம் இல்லை’ என்று மடத்துச் சாமி ஒரு கடிதம் கொடுத்தால் போதுமாம்.

சாயங்காலம் கடிதத்தைத் தானே எழுதி எடுத்துப் போய் நீட்டினான்.

“வேலை போச்சா, விட்டியா?” என்றார் சாமி.

“விட்டேனுங்க. பற்றை அறுக்கத்தானே இங்க வந்தேன்.”

“பெரிய அரிவாள்தான். பிள்ளை என்ன படிக்குது?”

“ஆறாவதுங்க. இல்ல... ஏழாவதா இருக்கணும்.”

சாமி காகிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகினார்.

“கறக்கிற நேரமாச்சு. போ. நானும் வரேன்.”

கடும் கோடை. தீவனத் தட்டுப்பாடு. மடத்துப் பசு விலா எலும்பு தெரிய நின்றது. கன்றை ஊட்டவிட்டு, இழுத்துக் கட்டி, பொன்னுரங்கம் கறக்க உட்கார்ந்தான். மூன்று காம்பு கறந்தும் செம்பு பாதிகூட நிறையவில்லை. எழுந்தான்.

“ஏன் எழுந்திட்டே? இன்னொண்ணு இருக்கே.”

“அது கன்னுக்குங்க.”

“பால் குறைஞ்சுபோச்சுல்ல? அதையும் கற.”

பொன்னுரங்கம் செம்பை எடுத்து ஓரமாக வைத்தான்.

“தீவனம் இல்லப்பா. நிலைமை மாறிப்போச்சு. கன்னுதான் புல்லைக் கடிக்குதே, பிழைச்சுக்கும்.”

“சாமி, விளையாடாதீங்க.” அவனுக்குக் குரல் ஏறிவிட்டது. “குறைஞ்சா நமக்குத்தான் குறையணும். நாம வரக்காப்பி குடிச்சுக்கலாம். அது பங்குல கை வைக்கலாமுங்களா? வாயில்லாத சீவன், அது யார்கிட்டப் போய்க் கேட்கும்?”

சொல்லிக்கொண்டே கன்றை அவிழ்த்துவிட்டான். அது முட்டி முட்டிக் குடித்தது. வாயோரம் நுரை வழிந்தது.

சாமி இடுப்பிலிருந்து காகிதத்தை எடுத்தார். பிரித்துத் தொட்டிச் சுவர்மேல் வைத்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

“எங்கேப்பா கையெழுத்துப் போடணும்?”