சர்வருக்கு ஒரு நாள் லீவு

கோவை கணபதியில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு இருபத்தொன்பது வயது. சீடருக்கு ஐம்பத்தெட்டு.

குருவின் பெயர் மெஹருன்னிசா. கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள். சீடர் நஞ்சப்பன், அடுத்த தெருவில் இருந்த பம்ப்செட் கம்பெனியில் டிராயிங் போடுகிறவர். முப்பது வருடம் பென்சில் பிடித்த கை. ஒரு நாள் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து அவள் கடைக்கு எடுத்துப் போனார்.

"இந்தப் பொட்டி வேலையெல்லாம் எனக்குச் சொல்லிக் குடுங் டீச்சர்."

அவள் சிரித்துக்கொண்டே தாம்பாளத்தை வாங்கி வைத்தாள். அன்றிலிருந்து அவள் அவருக்கு டீச்சர். அவர் அவளுக்கு அண்ணா.

கம்பெனியின் நாலாயிரம் டிராயிங்கும் ஒரு சர்வரில் இருந்தன. அத்தனையையும் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து ஏற்றியவர் நஞ்சப்பன்தான். ஏற்றி முடித்த சந்தோஷத்தில், "இனி காகிதம் எதுக்குங்?" என்று முதலாளியிடம் தானே சொல்லி, பழைய தாள்களை எல்லாம் இந்த வருடப் போகிக்குக் கொளுத்தியவரும் அவர்தான். மனுஷனுக்கு உற்சாகம் வந்தால் கை சும்மா இருக்காது.

அந்த சர்வர் நான்கு வருடமாக ஒரு நிமிடம்கூட அணையாமல் ஓடியது. கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கிக்கொள்ளும். போன வருட ஆயுத பூஜைக்கு அது ஓட ஓடவே சந்தனப் பொட்டு வைத்தார். இந்த வருடம் அவருக்கு மனசு கேட்கவில்லை. லேத்துக்கு லீவு, டிரில்லிங் மிஷினுக்கு லீவு, மூலையில் கிடக்கும் ஸ்பானருக்குக்கூட லீவு. இது மட்டும் என்ன பாவம் செய்தது? முறைப்படி அணைத்து, குங்குமப் பொட்டு வைத்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்துக் கும்பிட்டார்.

விஜயதசமி காலையில் சுவிட்சைப் போட்டார். ஃபேன் சுற்றியது. மானிட்டரில் ஒரே ஒரு வரி வந்தது. கிளம்புவதற்கு வேண்டிய டிஸ்க் கிடைக்கவில்லை என்றது அது. மறுபடி போட்டார். மறுபடியும் அதே வரி. நஞ்சப்பன் டீச்சருக்குப் போன் போட்டார்.

மெஹருன்னிசா வந்தபோது, கம்பெனி ஆட்கள் பதினாறு பேரும் கையில் பொரியோடு சர்வரைச் சுற்றி நின்றார்கள். முதலாளி ஆறுச்சாமி நெற்றியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"குங்குமம் உள்ள போயிருச்சுங் அம்மணி, நல்லாத் தெரியுது," என்றார் ஆறுச்சாமி.

"குங்குமம் இல்லீங்," என்றார் நஞ்சப்பன். "ஓடிட்டிருந்ததை நாந்தான் அணைச்சேன். அதுலதான் செத்துப் போச்சு. ஏனுங் டீச்சர், ஓய்வு குடுத்தது ஒரு குத்தமா?"

அவள் யாரோ நீட்டிய பொரியை வாங்கி ஒரு வாய் போட்டுக்கொண்டாள். பிறகு சர்வரின் பின்பக்கம் கைவிட்டு, சுண்டு விரல் அளவு பென்டிரைவ் ஒன்றைப் பிடுங்கி எடுத்தாள்.

"அண்ணா, டிராயிங் எங்க இருக்குது?"

"சர்வர்லதானுங்."

"சர்வர்ல எங்க?"

நஞ்சப்பன் யோசித்தார். பாடம் ஞாபகம் வந்தது. "முன்னால இருக்கற நாலு டிஸ்க்லயும்."

"அப்ப இதுல என்ன இருக்குது?"

"எந்திரிச்சு ஓடறது எப்படின்னு."

"சாவி தொலைஞ்சதுக்கு வீடே போச்சுன்னு அழுதிட்டிருக்கீங்ணா."

சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். நஞ்சப்பன் சிரிக்கவில்லை. "சாவியைத் தொலைச்சது நான்தானுங்களே," என்றார்.

மெஹருன்னிசா அந்தப் பென்டிரைவைத் தன் லேப்டாப்பில் செருகினாள். நான்கு முறை எடுத்துச் செருகிய பிறகு அது அரைகுறையாகத் திறந்தது. தினமும் நடந்ததை அதில் ஒரு வரியாகக் குறித்து வைப்பது அந்த சர்வரின் வழக்கம். கடைசி வரியைக் காட்டி, "தேதியைப் படிங்ணா," என்றாள்.

நஞ்சப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "ஜனவரி பதினாலு."

"அதுக்கப்புறம்?"

"ஒண்ணும் இல்லீங்."

"பொங்கலன்னிக்கே இது போயிருச்சு. நீங்க அணைச்சது நேத்து."

நஞ்சப்பன் விரல் விட்டு எண்ணினார். "ஒன்பது மாசமுங்களா? அத்தனை நாளும் ஜோரா ஓடுச்சுங்களே!"

"கிளம்பறதுக்கு மட்டுந்தாங்ணா இது வேணும். கிளம்பிட்டா எல்லாத்தையும் நினைப்புல வெச்சே ஓடிரும். இதுல எழுத முடியலைன்னாலும் நிக்காது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங், ஒடம்பு சரியில்லைன்னு?"

அவள் ஈரத் துணி கேட்டு வாங்கினாள். சர்வரின் முகப்பில் இந்த வருடப் பொட்டுக்கு அடியில் போன வருடச் சந்தனம் கல்லாகக் காய்ந்திருந்தது. அதை அழுத்தித் துடைத்தாள். உள்ளே ஒரு குட்டி விளக்கு மஞ்சளாகச் சிமிட்டியது. ஏதோ கோளாறு என்று சொல்லத்தான் அந்த விளக்கை வைத்திருந்தார்கள்.

"ஒன்பது மாசமா சொல்லிட்டேதாங்ணா இருந்திருக்குது. நீங்க அது வாயில பொட்டு வெச்சிட்டீங்க."

முதலில் ஆறுச்சாமிதான் சிரித்தார். பிறகு பதினாறு பேரும் பொரி சிதறச் சிரித்தார்கள். அப்புறம் நஞ்சப்பனுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகையும் அதோடு சேர்ந்து வந்துவிட, கண்ணைத் துடைத்தபடியே சிரித்தார்.

"போகிக்குக் காகிதத்தைக் கொளுத்துனேன் டீச்சர். மறுநாளே இது போயிருக்குது. ஒன்பது மாசம் ஒண்ணும் தெரியாம ராசா மாதிரி திரிஞ்சிருக்கேன்!"

"நேத்து லீவு குடுக்காம இருந்திருந்தா இன்னும் திரிஞ்சிருப்பீங்க," என்றாள் அவள்.

அந்தப் பென்டிரைவுக்குப் பதிலாக மெஹருன்னிசா பையிலிருந்து சின்னப் புது டிஸ்க் ஒன்றை எடுத்து நஞ்சப்பனிடம் நீட்டினாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நீங்களே போடுங் டீச்சர்," என்றார். அவள் பிடிவாதம் பிடிக்கவில்லை. தானே மாட்டி, கிளம்புவதற்கு வேண்டியதை அதில் ஏற்றினாள். ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் பொரி தீர்ந்து கடலையும் தீர்ந்து, சுண்டல் வந்தது.

பிறகு சர்வர் கிளம்பியது. மானிட்டரில் டிஸ்க்குகள் வரிசையாக வந்தன. நஞ்சப்பன் சத்தமாக எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது வர இரண்டு மூச்சு நேரம் பிடித்தது. நஞ்சப்பன் மூச்சே விடவில்லை. வந்துவிட்டது. நாலாயிரம் டிராயிங்கும் பத்திரமாக இருந்தன. அவருடைய முதல் டிராயிங்கைத் திறந்து பார்த்தார். ஓரத்தில் முப்பது வருடத்துக்கு முந்திய அவருடைய கையெழுத்து இருந்தது. ஆட்கள் கை தட்டினார்கள். லேத் ஓட்டுகிறவர் விசிலே அடித்தார்.

ஆறுச்சாமி எழுந்தார். "இனிமேல் பூஜையாவது பொங்கலாவது, இதை ஒருத்தரும் அணைக்கப்படாது. எழுதி ஒட்டுங் நஞ்சப்பண்ணா!"

நஞ்சப்பன் ஆசையாக ஒரு அட்டை எடுத்தார். முப்பது வருடம் எழுத்து வரைந்த கை அல்லவா, 'எக்காரணம் கொண்டும் அணைக்காதீர்' என்று சிவப்பு மையில் அச்சுப் போல எழுதினார். பசை தடவி, சுவிட்சுக்கு மேலே பிடித்துப் பார்த்தார்.

"எழுதுனது சரிங்களா டீச்சர்?"

மெஹருன்னிசா அட்டையைப் படித்தாள். பிறகு அதற்குக் கீழே கை நீட்டிச் சுவிட்சை அழுத்தினாள். சர்வர் ஒழுங்காக ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு அணைந்தது. ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது.

"ஐயோ, என்னங் டீச்சர் இப்படிப் பண்ணிட்டீங்க!"

"எதுக்குங்ணா பதறுறீங்க?"

"மறுபடி எந்திரிக்காட்டி?"

"அப்படித் தோணுதுன்னா வேலை இன்னும் முடியலைங்ணா," என்று அவள் நகர்ந்து வழிவிட்டாள். "இந்தத் தடவை நீங்க போடுங்க."